ஏரிக்குள் நின்ற திருஷ்டி பொம்மை

பறவை பார்க்கக் கிளம்புகிறவனுக்கு ஒன்று பைனாகுலர் வேண்டும், இல்லாவிட்டால் புத்தி வேண்டும். 1991 மார்கழியில் என்னிடம் இரண்டும் இல்லை. (முதலாவதைப் பிற்பாடு வாங்கிவிட்டேன்.)

அப்போது நான் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். சேரப்பணஞ்சேரி செல்வியை எனக்குக் கட்டிவைப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். தை பிறந்ததும் நிச்சயதார்த்தம். செல்வியின் அப்பா முனுசாமி ஏரிக்கரை ஓரமாகப் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஊர்க்கண் படாமலிருக்க வாசலில் ஒரு திருஷ்டி பொம்மை: வைக்கோல் திணித்த காக்கி பேன்ட், கோடு போட்ட சட்டை, தலைக்குக் கவிழ்த்த மண்பானை, அதில் கோரைப்பல்லும் முறுக்கு மீசையும். பால் காய்ச்சும் வரை அதை யாரும் தொடக் கூடாது.

எனக்கோ ஏரியில் வந்து இறங்கும் பறவைகள் மேல் பைத்தியம். ஞாயிறு விடிந்தால் சைக்கிளை மிதித்துப் போய்விடுவேன். ஆனால் மனிதத் தலை தெரிந்தாலே மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும். அதே பறவைகள் பொம்மைக்குப் பக்கத்தில் மட்டும் பயமில்லாமல் மேய்ந்தன. (புத்தியுள்ளவன் இதைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.)

நான் பொம்மையை அவிழ்த்தேன். வைக்கோலை ஒரு ஓரமாகப் படுக்கவைத்துவிட்டு அதன் பேன்டையும் சட்டையையும் மாட்டிக்கொண்டேன். பானையின் கண்களில் ஆணியால் ஓட்டை போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பனிமூட்டத்துக்குள் இறங்கி முழங்கால் தண்ணீரில் கையை விரித்து நின்றேன்.

வந்தன. பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன. நத்தைகுத்தி நாரைகள் அலகைத் தட்டும் சத்தம் நாலா பக்கமும் கேட்டது. தண்ணீரில் ஒரு பாம்பு தலையைத் தூக்கியபடி என்னை நோக்கி வந்தது. அருகில் வந்தபின்தான் அது பாம்பல்ல, நீண்ட கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும் பாம்புத்தாராப் பறவை என்று தெரிந்தது. நாரை ஒன்று என் காலடியில் நத்தை தேடியது. நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தது. பிறகு அங்கே யாருமே இல்லாதது போல மறுபடி குனிந்துகொண்டது. நான் இல்லை என்று அவை முடிவு செய்துவிட்டன. பானைக்குள் என் மூச்சு வேறு யாரோ விடுவது போலக் கேட்டது. கையை அசைத்துப் பார்க்கலாமென்றால், அசையாவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

திடீரென்று சத்தம் எல்லாம் நின்றது. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. அடுத்த நொடி மொத்த ஏரியும் சிறகடித்து எழும்பிப் போனது. பனிக்குள்ளிருந்து வெள்ளையாக ஓர் உருவம், கையில் ஏதோ மின்ன, தரையில் படாதது போல மிதந்து வந்தது. எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம், வல்லக்கோட்டை முருகன் முதல், கூப்பிட்டுவிட்டேன்.

உருவம் கரையோரம் வந்தது. வேட்டியைத் தூக்கியது. குந்தியது.

என் வருங்கால மாமனார். மின்னியது சொம்பு.

சாவகாசமாக நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். "இன்னாடா, வூட்டப் பாத்துக்கடான்னு நிக்க வெச்சா, இங்க வந்து ஏரியப் பாத்துகினு கீற?" என்றார். எவனோ விளையாடியிருக்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்திருக்கவில்லை. நேருக்கு நேர் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கண்ணை மூடத்தான் ஆசை. அது கூட முடியவில்லை.

அப்போது தும்மல் வந்தது. பானைக்குள் தும்மினால் அது மனிதச் சத்தமாக வராது.

"ஐயோ, பொம்ம தும்முதுடா!" என்று அலறியவர் ஒரு கையில் வேட்டியுடன் பனிக்குள் மறைந்தார். நானும் ஓடி, சேற்றில் விழுந்து, பானையை உடைத்துக்கொண்டேன்.

டீக்கடை திறப்பதற்குள் ஊரே பேசியது. முனுசாமிக்குக் குளிர் ஜுரம். புது வீட்டு வாசலில் பொம்மை துணியுமில்லாமல் தலையுமில்லாமல் கிடக்கிறதாம். "இந்த சம்பந்தமே ஆவாது, நிறுத்திடு" என்றார் அவர் அண்ணன். செல்வியை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். அழுகை வந்தது. அவசரமாகக் குளித்துவிட்டு ஒரு பை சாத்துக்குடியோடு போய் நின்றேன்.

கம்பளிக்குள்ளிருந்து முனுசாமி என்னை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அண்ணனிடம், "பொம்மைய நாய் இழுத்துப் போட்டிருக்கும். ஜுரத்துல ஏதோ உளறிட்டேன். தையிலயே நிச்சயம் பண்ணிடலாம்" என்றார். சாத்துக்குடியின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

பல வருஷம் கழித்து நாங்கள் குன்றத்தூரில் வீடு கட்டியபோது, மேஸ்திரி பொம்மை கட்ட வந்தார். ஓரமாக உட்கார்ந்திருந்த மாமனார் வாயைத் திறந்தார். "பொம்ம எதுக்கு? அதான் மாப்ள கீறாரே."

நான் மேஸ்திரியை அப்பால் அனுப்பினேன். "மாமா, அப்பவே தெரியுமா?"

"காதாண்ட வைக்கோலு ஒட்டிகினு இருந்துச்சே. உன்ன இன்னான்னு கேட்டா, நான் இன்னா கோலத்துல குந்திகினு இருந்தேன்னு நீ ஊருக்கே சொல்லியிருப்ப. அதான் பொண்ணக் குடுத்து வாய அடைச்சேன்."

காபியோடு பின்னால் நின்ற செல்வியை இருவருமே கவனிக்கவில்லை.

இன்றைக்கும் நான் குரலை உயர்த்தினால் அவள் அமைதியாக ஒரே வரிதான் சொல்வாள்: "வாய அடைக்கத்தான என்னக் குடுத்தாங்க? மூடுங்க."

மூடிக்கொள்வேன்.