அழகப்பனின் பெட்ரோல் விரதம்

"ஒரு சொட்டு! இனிமே ஒரு சொட்டுப் பெட்ரோல் அவன்கிட்ட வாங்கினா என் பேரு அழகப்பன் இல்ல!"

பேப்பரைச் சுருட்டி மேசையில் அடித்தார் அழகப்பன். சூயெஸ் கால்வாய் அடைபட்டதும் பெட்ரோல் விலை ஏறியது. ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தது. இன்றைக்கோ எண்ணெய்க் கம்பெனியின் லாபம் பேப்பரில் வந்திருக்கிறது. அதிலுள்ள சைபர்களைக் கோத்தால் சிராங்கூன் ரோட்டுப் பெருமாளுக்கு மாலையாகவே சாத்தலாம்.

"கால்வாய் அடைச்சா அவனுக்கு லாபமாம்! நம்ம வீட்டுச் சாக்கடை அடைச்சா எனக்கு எவன் லாபம் குடுக்கறான்?"

"நல்லாக் கேட்டீங்க. வாங்கவே வாங்காதீங்க" என்றாள் மனைவி சந்திரமதி.

அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். அவர் பேச்சை அவள் ஒரே தடவையில் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது.

அவளுக்கு ரொம்ப நாளாக ஒரே ஆசை. எதிர்வீட்டு லீலா டீச்சரைப் போலத் தானும் கார் ஓட்ட வேண்டும். அவரிடமும் ஒரே பதில்தான்: "நீ பழகி முடிக்கிறதுக்குள்ள பெட்ரோல்காரன் இன்னொரு பங்களா கட்டிடுவான்."

அழகப்பன் துறைமுக ஆபீசுக்கு டிராலி பஸ்ஸில் போனார். அது மின்சாரத்தில் ஓடுவதில் அவருக்குத் தனிப் பெருமை. பழைய மோரிஸ் கார் ரேஸ் கோர்ஸ் ரோட்டு வீட்டு வாசலில் பட்டினி கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை சந்திரமதி கவலை முகத்தோடு வந்தாள்.

"என்னங்க, வண்டி ஒரே இடத்துல நின்னா டயரு சப்பையாயிடுமாம். தினம் கொஞ்சம் உருட்டணுமாம்."

"உருட்டிட்டாப் போச்சு."

"நீங்க தள்ளுங்க. நான் அந்த வட்டத்தைப் புடிச்சுக்கறேன். சும்மாதான் லா."

"வட்டமா? அது ஸ்டியரிங்!"

"எனக்கென்னங்க தெரியும்?"

பெட்ரோல் செலவில்லை. மறுக்க வாயில்லை. தள்ளினார். வண்டி அசையவில்லை. மறுபடி தள்ளினார். கண்விழிதான் வெளியே வந்தது.

"காலை எங்க வச்சிருக்க?"

"ஏதோ ஒண்ணு இருந்துச்சு. வச்சேன்."

"அது பிரேக்கு! எடு!"

"ஓகோ. அப்ப இது?"

"கிளட்சு!"

"இந்தக் குச்சி?"

"கியரு! அதை நடுவுல வை, தாயே!"

அன்றிலிருந்து சாயங்காலம் தவறாமல் தேரோட்டம். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே பாடம் சொன்னார். அவள் கண்ணாடியைத் திருப்பி, அவருக்கு வேர்ப்பதைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டாள். முதலில் தெருமுனை வரை. அப்புறம் தேக்கா மார்க்கெட் வரை. போகும்போது காலி வண்டி. வரும்போது அரிசி மூட்டையும் பூசணிக்காயும் ஜம்மென்று சவாரி வந்தன.

"என்ன சார், தைப்பூசம் முடிஞ்சும் ரதம் கோயிலுக்குத் திரும்பலையா?" என்றார் பூக்கடைக்காரர்.

"போராட்டம்யா!" என்று பின்னாலிருந்து முனகினார் அழகப்பன்.

"ஆமாங்க, போராட்டம்" என்று முன்னாலிருந்து சொன்ன சந்திரமதி, ஜன்னல் வழியே கையை நீட்டி, வலது பக்கம் திரும்பப்போவதாக அழகாகச் சைகை காட்டினாள்.

கடைசியில் அவர் இடுப்பே எண்ணெய்க் கம்பெனி பக்கம் சாய்ந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், தெரிந்த முகம் ஏதும் இல்லாத ஸ்டேஷனாகத் தேடிப் போய், டின்னில் பெட்ரோல் வாங்கிக்கொண்டு வந்தார்.

வாசலில் அப்படியே நின்றுவிட்டார். மோரிஸின் மூக்கில் சிவப்பு எழுத்தில் 'எல்' பலகை. ஸ்டியரிங்கில் சந்திரமதி. பக்கத்தில் லீலா டீச்சர்.

"உங்க சம்சாரத்துக்கு எல்லாமே தெரியுதே சார்! யார் சொல்லிக்குடுத்தது?" என்றார் டீச்சர்.

அழகப்பன் பெட்ரோல் டின்னை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"பெட்ரோல் செலவில்லாமப் பழகியாச்சு. பெட்ரோலோட ஓட்டுறதுதான் பாக்கி. ஊத்துங்க" என்றாள் சந்திரமதி.

ஊற்றினார். வேறென்ன செய்வார்? தோற்றவனுக்கும் உட்கார ஓர் இடம் உண்டே என்று பின்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார்.

"அங்க எங்க ஏறுறீங்க? இத்தனை நாள் இன்ஜின் ஓடாததுல பேட்டரி இறங்கிப் போச்சு. இறங்கித் தள்ளுங்க!"