பன்னிரண்டு பிரதம விருந்தினரும் இரண்டு மேசையும்

டோர்ட்மண்ட்,
08.10.2003

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய குமாரசாமி அத்தானுக்கு, மைத்துனன் இரத்தினம் எழுதுவது. நாங்கள் சுகம். பிராங்பேர்ட்டில் உங்கள் புடவைக்கடையும் அக்காவின் முழங்காலும் நலமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

அத்தான், எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை! இங்கே வர்த்தகக் கண்காட்சி வைக்கப் போகிறேன். காலனிக்காரன் அந்தக் காலத்தில் எங்கள் கறுவாவையும் மிளகையும் தேயிலையையும் கப்பலில் கொண்டுவந்து கண்காட்சி வைத்து விற்றான். இந்தமுறை நாங்களே விற்போம் என்று மண்டபம் கேட்டு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதிப் போட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் பத்துக் கடைக்காரரின் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் மண்டபம் புறா வளர்ப்போர் சங்கத்துக்கு என்றார் பொறுப்பாளர் அம்மா.

பத்தென்ன, நாற்பது வரும் என்று சொல்லிவிட்டு மளிகைக்கடைக் குருமூர்த்தி அண்ணையிடம் ஓடினேன். "தம்பி, யூரோ வந்த நாள் துவக்கம் யாவாரம் படுத்திட்டுது. மேசை போட ஏலாது. ஆனா ஆதரவு தரத்தானே வேணும்? என்னைப் பிரதம விருந்தினராப் போடும்" என்றார். போட்டேன். அதைக் கேள்விப்பட்ட நகைக்கடை யோசப் அண்ணை, "அப்ப நான் ஆர்? விளக்கேத்த நானும் வாறன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். பிறகு பேக்கரிக்காரர், வீடியோக் கடைக்காரர் எண்டு ஒருத்தர் மிச்சமில்லை. நோட்டீசில இப்ப பன்னிரண்டு பிரதம விருந்தினர், குத்துவிளக்கில திரி அஞ்சு, ஆர் கொளுத்திறது எண்டு நேற்றுச் சண்டையே வந்திட்டுது! மேசை போட வந்தது ரெண்டே பேர்: பிளோறன்ஸ் அக்காவின்ர மிளகாய்த்தூளும் என்ர மனிசி குமுதினியின்ர வடையும். "பன்னிரண்டு பேரும் சும்மா தின்னுவினம், இப்பவே சொல்லிப்போட்டன்" எண்டாள் குமுதினி.

இருபது வருசம் இந்த ஊரில கோப்பை கழுவினனான் அத்தான். எங்கட சாமானை எங்கட பேரிலயே வைச்சு ஒருநாளாவது விக்காட்டி எனக்கு மனம் ஆறாது. புடவையோட வந்து ஒரு மேசை போடுங்கோ. உங்களைப் பார்த்து மற்றவையும் ரோசத்தில வருவினம். விருந்தினரா வாறன் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. அப்பிடிச் சொல்லுறவன் மனிசனே இல்லை!

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
இரத்தினம்,
கண்காட்சி அமைப்பாளர்

பி.கு.: வெள்ளிக்கிழமை. கடிதத்தைத் தபாலில் போட மறந்துபோனேன். மண்டபம் புறாக்காரருக்குப் போயிட்டுது. பாவம், அவையளுக்கும் கடை போட ஆள் இல்லையாம். ஒரு மேசை தாறம், உங்கட கறுவாவையும் வடையையும் வைச்சு வில்லுங்கோ எண்டு மரியாதையாக் கேட்டவை. இந்த நிலைமையில மேசை கஷ்டம், பிரதம விருந்தினரா வாறன் எண்டு சொல்லிப்போட்டன். மேசையைக் குமுதினி எடுத்திட்டாள். நீங்கள் புடவை கொண்டுவர வேண்டாம் அத்தான். எனக்குப் போர்த்த ஒரு பொன்னாடை மட்டும் கொண்டுவாருங்கோ.