அரண்மனைக்கு வளைந்த சாலை

“நாப்பதடி ரோட்டுக்கு நட்டநடுவுல அரண்மனை கட்டி வெச்சிருக்கானுங்க சார்!”

ஜம்புநாதன் போனில் அலறினார். திருச்சியிலிருந்து கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. நியூ டவுனைத் தாண்டி அவருடைய கம்பெனி போடும் மனைப்பிரிவுக்குத் தெருக்கள் வரைவது அவர் வேலை. வரைந்து முடித்த அன்று, நிலத்தை ட்ரோனில் எடுத்த படம் வந்து சேர்ந்தது. மூன்று மாடி உயரம், ஐந்து கோபுரம்.

“இடிக்கச் சொல்லுங்க!” என்று சென்னையிலிருந்து மேனேஜர் சுந்தரேசன் போனில் சீறினார்.

பூஜை விடுமுறை. சால்ட் லேக் ஆபீஸில் ஈ, காக்கை இல்லை. ஜம்புநாதன் தன் அரைகுறை இந்தியில் சைட் வாட்ச்மேன் ரஞ்சனை விசாரித்தார்.

“இந்த ஏரியா க்ளப்காரங்க கட்டினது சார். மந்திரியே வந்து திறந்து வெச்சாரு.”

“அடுத்தவன் நிலத்துல கட்டுவான், அதுக்கு மந்திரி ரிப்பன் வெட்டுவாரா? இது நாடா?”

ஆனாலும் மந்திரி மந்திரிதான். சாலையை இடப்பக்கம் வளைத்தார். குளத்தில் போய் விழுந்தது. குளத்தைத் தூர்த்தால் கேஸ் போடுவார்கள். வலப்பக்கம் வளைத்தார், பதினெட்டு மனைகள் முக்கோணமாயின. மறுநாள் காலையிலேயே, வாட்ஸ்அப்பில் வந்த புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, மனை வாங்கியிருந்த பட்டாபி கூப்பிட்டார்.

“சதுரமா மனை கேட்டா சமோசா குடுத்திருக்கீரே! இதுல எந்த மூலையில ஓய் நான் சமையக்கட்டு வைக்கறது?”

பட்டாபிக்குச் சதுரம் கொடுக்கப் பூங்காவை நறுக்கினார்.

“பூங்கான்னு பேப்பர்ல விளம்பரமே வந்தாச்சேய்யா!” சுந்தரேசன் மறுபடி கத்தினார்.

ஐந்து நாள் இட்லிகூட இறங்காமல் ஜம்புநாதன் வரைந்தார். கடைசியில் அரண்மனையைச் சுற்றி வட்டச் சாலை போட்டு, அனுமதிக்கு அனுப்பி, மனை வாங்கிய நாற்பத்திரண்டு பேருக்கும் புது வரைபடத்தைத் தபாலில் சேர்த்தார். சட்டம், ஒழுங்கு, மனசாட்சி எதுவுமே இல்லாத ஊர் என்று பொருமிக்கொண்டே காப்பியை உறிஞ்சினார்.

விடுமுறை முடிந்து வந்தாள் கவிதா. அவருக்குக் கீழே படம் வரைபவள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள்.

“பாரும்மா உங்க ஊர் அநியாயத்தை!” என்று ட்ரோன் படத்தை அவள் முன் வீசினார்.

கவிதா குனிந்து பார்த்தாள்.

“ஐயோ சார், இது துர்கா பூஜைப் பந்தல்! வெறும் மூங்கிலும் துணியும். முந்தாநாளே பிரிச்சு லாரியில ஏத்திட்டாங்களே!”