முதலில் வந்தது சக்கரம்தான்

முசஃபா
14.10.2006

மதிப்பிற்குரிய கார்மேகம் அண்ணாச்சிக்கு, உங்கள் பழைய எதிராளி ஜான் பீட்டரின் வீட்டுக்காரி ஜெபகனி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் அஜ்மானில் நீங்களும், ஊரில் மதினியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமென்று எழுத மனம் வரவில்லை, இருக்கிறேன். அஞ்சாவதுதான் படித்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். போனில் என்றால் உங்களைத் திட்டி முடிப்பதற்குள் அழுதுவிடுவேன், அதனால் எழுதி டீக்கடை கபீர் பாய் கையில் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் இதுதான். அவர் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை, அந்த நீல வண்டி வேண்டும் என்று கபீர் பாயிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். தரமாட்டேன். மாத முடிவில் நான் ஊருக்குப் போகிறேன், அதற்குள் வண்டி நிற்கிற யார்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார் முதலாளி அர்பாப். அடுத்த சனிக்கிழமை ஸ்கிராப்காரன் வந்து வண்டியை நசுக்க எடுத்துப்போவான். அவனுக்குத் தருவேன், உங்களுக்குத் தரமாட்டேன்.

உங்கள் இரண்டு பேரால் பன்னிரண்டு வருஷம் வெள்ளிக்கிழமை சர்ச்சுக்கு நான் தனியாகப் போனேன். லீவு நாளில் எல்லாரும் தூங்குவார்கள், இவர் விடியுமுன்னே எழுந்து, ஸ்கிராப்பில் பொறுக்கி ஒட்டவைத்த அந்த வண்டியை உப்புத்தரைக்குக் கொண்டுபோய்விடுவார். நாலு மூலைக்கு நாலு எண்ணெய் டிரம், பத்துச் சுற்று, கபீர் பாய் டீத்துணியை ஆட்டினால் ரேஸ். பெயிண்டர் ஈசா வண்டியில் ரிவர்ஸ் கியர் மட்டும்தான் விழும், மனுஷன் பத்துச் சுற்றையும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே ஓட்டி ஒருதரம் மூன்றாவதாக வந்தார், அதற்குப் பிறகு ஒரு வாரம் அவரோடு பேச வேண்டுமென்றால் நாம்தான் சுற்றிப்போய் நிற்க வேண்டும். நான் சர்ச் முடிந்து சோற்றுப்பானையோடு வந்தால் நீங்கள் இரண்டு பேரும் சண்டையில் நிற்பீர்கள்.

ஒருவர் வண்டியின் வீல் நட்டை எதிராளிதான் முடுக்க வேண்டும் என்று சட்டம் வைத்ததும் நீங்கள்தான், பிற்பாடு யாரும் யாரையும் குறை சொல்லக்கூடாதாம். அன்றைக்கு உள்வட்டம் யாருக்கு என்ற சண்டையில், இவர் வண்டியின் முன்வீல் நட்டைக் கையால் திருகியதோடு விட்டுவிட்டு நீங்களும் போய் வண்டியில் ஏறினீர்கள். கடைசித் திருப்பத்தில் சக்கரம் கழன்று, இவரை முந்தி, உங்களையும் முந்தி, முடிவுக் கோட்டைத் தாண்டி, கபீர் பாயைத் துரத்திக்கொண்டு போனது. அப்புறம் நீங்கள். அப்புறம் மண்ணை உழுதுகொண்டு இவர்.

"என் வண்டில ஒரு பாகம் மொதல்ல தாண்டிட்டுல்லா, பொறவு என்னவே பேச்சு?" என்றார் இவர்.

"அப்ப மிச்ச வண்டி எங்கய்யா? அது நாளைக்கி வருமா?"

"கலாஸ், முடிஞ்சுது. கப்பு சக்கரத்துக்குத்தான்," என்றார் கபீர் பாய், மூச்சு வாங்க.

எல்லாரும் சிரித்தோம். அதோடு நின்றிருக்கலாம். இவர் வாய் நிற்கவில்லை. "வேணும்னே முடுக்காம விட்டீரு," என்றார். நீங்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் போனீர்கள். அடுத்த மாசம் அஜ்மானில் வேலை என்றார்கள். ஏழு வருஷம்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. "மனசறிஞ்சு சொல்லல ஜெபா, வாயில வந்துட்டு," என்றார். போய்ச் சொல்லுங்கள் என்றேன். "நீ சொல்லேன்," என்றார். நானா வைதேன், நான் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். இப்போது சொல்லிவிட்டேன்.

ஆனாலும் என் கோபம் தீரவில்லை. அவர் உடலைப் பெட்டியில் ஊருக்கு அனுப்பிய அன்று நீங்கள் வந்தீர்களாம், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், யார்டுக்குப் போய் அந்த வண்டியில் கைவைத்துக்கொண்டு நின்றீர்களாம். இங்கே வருகிறவர்கள் எல்லாரும் அவரை அமைதியான மனுஷன், பொய் பேசாதவர் என்கிறார்கள். கேட்டால் வேறு யாரையோ சொல்வது போல இருக்கிறது. நீங்கள் வந்திருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பீர்கள். அழுங்குணி, தோற்றால் ஒத்துக்கொள்ளாதவன், ஜெயித்தால் ஒரு மாசம் தூங்கவிடாதவன் என்று. அதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை.

அதனால் வண்டி கிடையாது. இது முடிவான பேச்சு, கபீர் பாயை மறுபடி தூது அனுப்ப வேண்டாம். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் கைகால் சுகத்துக்கு ஜெபம் பண்ணுகிறேன், கோபத்தோடுதான் பண்ணுகிறேன்.

இப்படிக்கு,
ஜெபகனி ஜான் பீட்டர்

பி.கு.: ஸ்கிராப்காரனுக்குப் போன் பண்ணி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை சர்ச் முடிந்து பதினொரு மணிக்கு யார்டில் இருப்பேன், மீன்குழம்பு இருக்கும். பேட்டரி செத்துக் கிடக்கிறது, வரும்போது ஒன்று கையோடு கொண்டு வாருங்கள்.