முந்திரி மரத்தடியில் நாககன்னி

சரித்திர நாவல் எழுதுகிறவர் என்று ஒரு பிறவி உண்டு. ஐயா, அதை அடையாளம் காண்பது சுலபம். நீங்களும் நானும் குட்டிச்சுவர் என்று தாண்டிப் போகிற இடத்தில் அது நின்றுவிடும், கண்ணை மூடும், அந்தப்புரம் இங்கேதான் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மேலே நடக்கும். ஆதாரம் என்ன என்று கேட்டுப் பாருங்கள், உங்களைப் பார்த்துப் பரிதாபப்படும்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் இந்தப் பிறவிக்குத் தைரியநாதன் என்று பெயர். மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டைக் கவனிக்கிற வேலை. முதல் ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தால், சாப்பிட்ட கை காய்வதற்குள் சோழ தேசத்துக்குப் புறப்பட்டுவிடுவார். நமக்கெல்லாம் பூமிக்கடியில் இருப்பது பழுப்பு நிலக்கரி, அவருக்கு நாகலோகம். சுரங்கத்திலிருந்து ராப்பகலாக மோட்டார் வைத்து இறைக்கிறார்களே தண்ணீர், அது சோழ இளவரசனைப் பிரிந்த நாககன்னியின் கண்ணீர். இருவரும் காதலித்தது எங்கே? முந்திரி மரத்தடியில். பண்ருட்டிப் பக்கம் வேறெந்த மரத்தடியில் காதலிப்பார்கள்? மூன்று வருஷ உழைப்பு, நானூறு பக்கம், அட்டையில் முந்திரிப்பழம் ஏந்திய நாககன்னி. 2014 ஜூலையில், புத்தகக் கண்காட்சியில் வெளியீடு. பேச வருகிறவர் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் கோபாலகிருஷ்ணன்.

முந்தின நாள்தான் மனைவி அன்னமேரி அட்டையைப் பார்த்தார். அவர் பண்ருட்டி முந்திரித் தோப்பில் வளர்ந்தவர்.

"ஏங்க, முந்திரியைக் கப்பல்ல கொண்டாந்தவன் போர்த்துக்கீசியன். உங்க இளவரசன் செத்து ஐந்நூறு வருசம் கழிச்சுத்தான் அவனே வந்தான்."

தைரியநாதன் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார். வாத்தியாரோ, ஒரு போரின் வருஷத்தை மாற்றி எழுதியதற்காக விடைத்தாளையே ஜன்னல் வழியாக வீசியவர். மேடையில் அவர் முந்திரியைக் கையில் எடுத்தால் மூன்று வருஷமும் போச்சு, மானமும் போச்சு. ஸ்கூட்டரை உதைத்து, மந்தாரக்குப்பத்தில் வாத்தியார் வீட்டுக்கு ஓடினார்.

வாத்தியார் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தார். பெரிய தப்பு ஒன்று நடந்திருக்கிறது என்றார். தைரியநாதன் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டு, அடுத்த பதிப்பில் அந்த மரத்தையே வெட்டிவிடுவதாகச் சத்தியம் செய்தார்.

"மரம் கெடக்குது விடுங்க. சோழனோட யானைப்படைத் தளபதி எங்க முப்பாட்டன். சேத்தியாத்தோப்புல யாரை வேணா கேளுங்க. அவரைப் பத்தி ஒரு வரி இல்லாம எழுதிக்கினு வந்திருக்கீங்களே?"

ஆதாரம் கேட்கத் தைரியநாதனுக்குப் பைத்தியமா? இரண்டாம் பாகத்தில் முப்பாட்டன் பட்டத்து யானைமேல் வருவார் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, நிம்மதியாகக் காப்பி குடித்தார்.

மறுநாள் வாத்தியார் நாற்பது நிமிஷம் முழங்கினார். நாவலில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லையாம். முந்திரி ஆதிகாலம் தொட்டே நம்முடையதாம். மறுக்கிறவன் தமிழனே இல்லையாம். கைதட்டலில் தலைகால் புரியாமல் போன தைரியநாதன் நன்றியுரைக்கு எழுந்து, நாககன்னி வேறு யாருமில்லை, என் மனைவிதான், மேல்பட்டாம்பாக்கம் மாதா கோயில் திருவிழாவில் கொட்டுகிற மழையில் ஒரே குடைக்குள் அவளைச் சந்தித்தபோதே இந்தக் கதை பிறந்துவிட்டது என்று தழுதழுத்தார். உண்மை என்ன தெரியுமா? தரகர் போட்டோ கொண்டுவந்தார், இரண்டு வீட்டாரும் பேசி முடித்தார்கள்.

முன்வரிசையில் இருந்த மனைவியிடம் பக்கத்து நாற்காலி அம்மாள் நிஜமா என்று கேட்டார். போர்த்துக்கீசியனைக் கப்பலோடு பிடித்த அன்னமேரி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமாங்க. நல்ல மழை."

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? நீங்கள் பெண் பார்க்கப் போன கதையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா?