ஃபுவெந்தெலோபாவில் என்னை நனைத்த கதை

அன்புத் தங்கை பிரிமித்திவாவுக்கு, உன் அண்ணன் தெயோதுலோ எழுதுவது. நன்றாகப் பார், இது பாதிரியார் கையெழுத்து இல்லை, என்னுடையது! முதியோர் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். நான் சுகம். நீயும் மாப்பிள்ளை அனிசெத்தோவும் அங்கே நகரத்தில் சுகமாக இருக்க வேண்டும்.

சைக்கிளைத் தொடாதே என்று நீ சொல்லியிருந்தாய். தொட்டுவிட்டேன். காரணம் ஃபுவெந்தெலோபாவில் இருக்கும் விதவை ஓப்துலியா. போகும்போதெல்லாம், "புழுதியோட வர்ற ஆம்பளைய நான் வாசலைத் தாண்ட விடறதில்ல" என்று நிற்க வைத்தே பேசி அனுப்புகிறாள். இந்தத் தடவை எப்படியாவது உள்ளே போய்விடுவது என்று, தோல்பை நிறைய மது நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். மது எதற்கு என்று உனக்குத் தெரியும். வெளியூர்க்காரன் பெண் பார்க்க வந்தால் உள்ளூர் ஆண்களுக்கு மது கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் முக்குவார்கள். உன் அனிசெத்தோவை முக்கியதில் நானும் ஒரு கை.

இத்தனை வருஷமாக அந்தப் பாதையில் கண்ணை மூடிக்கொண்டு போனவன், இப்போது வாசிக்கத் தெரிந்ததால் மாட்டிக்கொண்டேன். பெரிய சாலையைத் தொடும் இடத்தில் ஒரு பலகை. எழுத்துக்கூட்டி வாசித்தேன்: ‘வழி விடவும்.’ இறங்கி நின்றேன். யாரும் வரவில்லை. வெயில் ஏறியது. கடைசியில் இடையன் சிரிலோ மந்தையோடு வந்தான்.

"என்ன தெயோதுலோ, பஞ்சரா?"

"இல்லடா, வழி விடறேன்."

"யாருக்கு?"

"அது எழுதல."

"அப்ப என் ஆட்டுக்கு விடு."

விட்டேன். நொண்டி ஆடு ஒன்று கடைசியாகக் கடந்து முடிப்பதற்குள் தோல்பை காலி. பாதி அவன், பாதி நான். பிறகு மலையேற்றம், எதிர்க்காற்று, இரண்டு முறை சங்கிலி கழன்றது, முட்டி ரெண்டும் கதவுக் கீல் மாதிரி கிரீச் கிரீச்சுன்னு கத்துது, உச்சிக்குப் போனா அங்க இன்னொரு பலகை: ‘திசை திரும்பல்.’ திரும்பினேன். வந்த வழியே அடிவாரம் வரை ஜோராக இறங்கினேன். அங்கேயே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிரிலோ தலையில் அடித்துக்கொண்டான்: "திரும்பணும்னு நினைக்கறவன் அங்க திரும்பலாம்னு அர்த்தம்டா கழுதை!" மறுபடி ஏறினேன், தள்ளிக்கொண்டே.

ஃபுவெந்தெலோபாவில் தொட்டியைச் சுற்றி அந்த ஊர் வாலிபர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் என் வயது. தலைவன் பௌதிலியோவுக்கு என்னைவிடக் கூட.

"டேய், நம்ம ஊர்ப் பொண்ணப் பாக்க வெளியூர்ப் பையன் வந்திருக்கான்! மது எங்கடா?"

"ஆடு குடிச்சிருச்சு."

"அப்ப தூக்குங்கடா!"

"பையனுக்கு முட்டி வலி போல, மெதுவா."

தூக்கினார்கள். பாதியில் ஒருத்தனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கீழே இறக்கிவைத்து இளைப்பாறினார்கள். மிச்ச தூரம் நானே நடந்து போய்க் காலை உள்ளே வைத்தேன். மலைத் தண்ணீர், ஐஸ்! நான் போட்ட கத்தலில் ஓப்துலியா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"கிழட்டுப் பயலுகளா! இந்த மனுஷன் செத்தா உங்க வீட்டுல வச்சா அழுவீங்க? நீ உள்ள வாய்யா!"

உள்ளே போனேன், தங்கச்சி. அடுப்பங்கரை வரை போனேன். செத்துப்போன புருஷனுடைய கால்சட்டையைக் கொடுத்தாள், கணுக்காலுக்கு மேலேயே நின்றது. பூண்டுச் சூப் ஊற்றினாள். "கழுவிப் பாத்தா நீ ஒண்ணும் மோசமில்ல" என்றாள்.

இருந்தாலும் நீ சொன்னதுதான் சரி. இந்த வயதில் இது ஆபத்து. சைக்கிளைக் கொட்டகையில் தொங்கவிட்டுவிட்டேன், இனி தொடுவதில்லை. பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். புனித ரோக் உங்கள் எல்லார் முட்டிகளையும் காப்பாற்றட்டும்.

உன் அண்ணன்,
தெயோதுலோ (நானே போட்ட கையெழுத்து)

பின்குறிப்பு: என் கால்சட்டை இன்னும் அவள் கொடியில் காய்கிறது, அதனால் சைக்கிளை இறக்கி எண்ணெய் போட்டுவிட்டேன். இன்னொன்று. தொட்டிக்கு நேர் எதிரே மதுக்கடை. என் பையில் காசு இருந்தது. கதவில் ‘திறந்திருக்கிறது’ என்று பெரிதாக எழுதியிருந்தது. அதை மட்டும் எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்தேன், மனதுக்குள்.