ஒன்றும் வேண்டாம் என்ற ஒப்பந்தம்

மனித குலத்தின் மாபெரும் கண்டுபிடிப்புகள் இரண்டு. ஒன்று நெருப்பு. மற்றது, பல வருடம் குடியிருந்த கூட்டு வீட்டை விட்டுக் கதவை அறைந்துகொண்டு வெளியேறி, பிறகு ஊரூராகப் போய், "உங்களோடு வியாபாரம் செய்யலாமா?" என்று கேட்கும் கலை. இந்த இரண்டாவதை உலகுக்கு வழங்கிய தீவின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. அங்கே எந்நேரமும் மழை பெய்யும். மக்களும் எந்நேரமும் அதைப் பற்றியே பேசுவார்கள்.

சிட்னியின் மெரிலேண்ட்ஸில் இடியப்பத் தொழிற்சாலை நடத்தும் பொனிபஸ், அந்தத் தீவின் சாதனையால் நேரடியாகப் "பயனடைந்தவர்". மன்னாரிலிருந்து வந்த அவரும் மனைவி டொறத்தியும் வீட்டுக் குசினியில் தொடங்கிய தொழில் அது. அவித்து, உறைய வைத்து, பெட்டியில் அடைத்த இடியப்பம் கப்பலில் அந்தத் தீவுக்கு, இலண்டனுக்குப் போகும். அங்கிருந்து லொறியில் பாரிஸ் தமிழ்க் கடைகளுக்குப் போகும். தீவு பக்கத்து நாடுகளின் கூட்டமைப்பில் இருந்தவரை அந்த லொறியை ஒருவரும் மறிக்கவில்லை. தீவு "இறைமை" அடைந்த மறுகணமே தீவின் துறைமுகத்தில் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்க்கத் தொடங்கினார்கள். ஆற அமரப் பார்த்தார்கள். பார்த்து முடிக்கையில் இடியப்பம் உருகிக் களியாகியிருந்தது. பாரிஸ் கடைக்காரர், "நாங்கள் கூழ் கேக்கேல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு பலகாரத்தை இன்னொரு பலகாரமாக மாற்றும் வல்லமை இறைமைக்கு உண்டென்பதைப் பொருளியல் அறிஞர்கள் இன்னும் கவனிக்கவில்லை.

வேலையாட்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். தொடக்க நாள் முதல் மாப் பிசைந்துவந்த சுஜீவா அன்ரியும் இரண்டொருவரும் மட்டும் மிச்சம். அவர்களையாவது கைவிடக்கூடாது என்பது பொனிபஸின் ஒரே கவலை. அவருக்கு ஒரு நம்பிக்கையும் இருந்தது. அதன் பெயர் நிஷான்.

நிஷான் டொறத்தியின் தம்பி, இலண்டன்வாசி. தீவு வெளியேறவேண்டும் என்று வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்து, வோட்டும் போட்டவன். வெளியேறிய பிறகுதான் தீவுக்கு ஒரு சிறு குறை புலப்பட்டது: அங்கே பேரம் பேசத் தெரிந்த ஆளே இல்லை. அத்தனை காலமும் எல்லாருக்கும் சேர்த்துக் கூட்டமைப்பே பேசியிருந்தது. அவசரமாக ஆள் எடுத்தார்கள். "உமக்கு என்ன அனுபவம்?" என்று கேட்டபோது, தன் கல்யாண மண்டபத்தை அரைவிலைக்குப் பிடித்த கதையை நிஷான் விரிவாகச் சொன்னான். கேட்டவர்கள் சொக்கிப் போனார்கள். அன்றே அவன் "முதுநிலைப் பேச்சுவார்த்தையாளர்" ஆனான்.

அவுஸ்திரேலியாவோடு ஒப்பந்தம் பேசத் தீவின் குழு சிட்னி வந்து இறங்கியது. பேச்சுக்கு முதல்நாள் நிஷான் அக்கா வீட்டில் சாப்பிட வந்தான்.

டொறத்தி இடியப்பத்தோடு வர, அவன் தட்டைக் கையால் மூடினான். "வேண்டாம் அக்கா, காணும்."

அவள் வைத்தாள்.

"ஐயோ, வேண்டாம் எண்டுறன்."

மறுபடியும் வைத்தாள். அவன் அத்தனையையும் சாப்பிட்டு, சொதியையும் வழித்துவிட்டுச் சொன்னான்: "பார்த்தியளோ அத்தான்? இதுதான் பேச்சுவார்த்தையின்ர சூட்சுமம். நாங்கள் விழுந்தடிச்சுக் கேட்டா மதிப்பில்லை. வேண்டாம் வேண்டாமெண்டா அவையளே கெஞ்சித் தருவினம்."

"தம்பி, அவையள் வெள்ளைக்காரர். மூண்டாந்தரம் கேக்க மாட்டினம்."

"நான் இலண்டனில எத்தினை வருசம்? எனக்கு வெள்ளைக்காரரைப் பற்றிப் படிப்பிக்கிறியளோ?"

பொனிபஸ் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினார். "சரி. எனக்காக ஒண்டே ஒண்டு கேள். பெட்டியை இஞ்ச சிட்னியிலயே பார்த்து முத்திரை வைச்சுத் தரட்டும். உங்கட துறைமுகத்தில திறக்காம விடுங்கோ. அவையள் முத்திரை வைக்க ஓமெண்டாப் போதும், சுஜீவா அன்ரியாக்களுக்கு வேலை இருக்கும்."

"அது முடிஞ்ச மாதிரி எண்டு நினையுங்கோ."

"பாரிஸ் பக்கத்து ஆக்களோடயும் ஒருக்காக் கதைச்சா என்ன?"

"அவையளோட நாங்கள் கதைக்கிறேல்லை, அத்தான்."

"ஏன்?"

"சுதந்திரமா எல்லாரோடயும் கதைக்கத்தானே அவையளை விட்டிட்டு வந்தனாங்கள்."

இந்த விளக்கத்தின் ஆழத்தை எண்ணிப் பொனிபஸ் அன்று வெகுநேரம் தூங்கவில்லை.

மறுநாள் துறைமுகம் தெரியும் உயர்ந்த மாடியில் மகாநாடு கூடியது. பொனிபஸுக்கும் அழைப்பு இருந்தது. பதவி: "சமூக வணிகப் பார்வையாளர்". கடமை: பின்வரிசைக் கதிரையில் வாய் திறவாமல் இருந்து, புகைப்படத்தில் நிறம் சேர்ப்பது. தீவின் குழுத் தலைவர் பயணக் களைப்பில் கண்ணை மூடி நாட்டின் எதிர்காலத்தைச் சிந்தித்துக்கொண்டிருந்தார். மெல்லிய குறட்டையும் கேட்டது. ஆகவே நிஷானே தொடங்கினான். எதிரில் அவுஸ்திரேலியாவுக்காகப் பேச இருந்தவர் பிரெண்டா என்ற பெண்மணி, ஆட்டுப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர்.

"எங்கள் சந்தை உங்கள் சந்தை," என்றான் நிஷான், இரு கைகளையும் விரித்து. "எவ்வளவு ஆட்டிறைச்சி வேண்டுமானாலும் அனுப்புங்கள்."

அந்த அம்மா கூச்சப்பட்டு, "ஐயோ, கொஞ்சம் போதும்" என்று சொல்வதற்காக அவன் காத்திருந்தான்.

"நன்றி," என்றார் பிரெண்டா. "மாட்டிறைச்சி?"

"அதற்கென்ன, அதுவும் உங்களுடையதுதான்."

"சீனி?"

"எடுங்கள், எடுங்கள்."

பிரெண்டா எடுத்தார். கூச்சம் அவருடைய நாட்டின் உற்பத்திகளில் ஒன்றல்ல. தேநீர் வருவதற்குள் தீவின் வாசலில் கதவும் இல்லை, நிலையும் இல்லை.

"சரி, எங்கள் பக்கம் முடிந்தது," என்றார் பிரெண்டா. "உங்களுக்கு என்ன வேண்டும்?"

பொனிபஸ் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். முத்திரை, முத்திரை என்று அவருடைய உதடுகள் அசைந்தன.

நிஷான் புன்னகைத்தான். முன்னால் இருந்த வெறுந்தாளை உள்ளங்கையால் மெல்ல மூடினான். "சேச்சே, ஒன்றும் வேண்டாம்."

பிரெண்டா வியந்து போனார். "உண்மையாகவா?"

நிஷானின் முகம் மலர்ந்தது. எல்லாம் முறைப்படி நடக்கிறது. இன்னும் ஒரேயொரு தரம். "உண்மையாகவே. ஒன்றும் வேண்டாம்."

"நோ வொரீஸ்," என்று 'பரவாயில்லை' என்பதை அவுஸ்திரேலிய முறையில் சொல்லி, பிரெண்டா பேனாவை மூடினார்.

பொனிபஸ் எழுந்தார். "மேடம், ஒரு நிமிசம், எங்கட பெட்டி..." பார்வையாளர் பேசக்கூடாது என்று ஓர் அதிகாரி மிகுந்த பண்போடு அவரை அமர்த்தினார். கைதட்டல் ஒலியில் குழுத் தலைவர் விழித்து, இது வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்படும் வெற்றி என்றார். புகைப்படம் எடுத்தார்கள். நிறம் நன்றாகச் சேர்ந்திருந்தது.

"அவ இன்னொருக்காக் கேட்டிருக்கோணும் அத்தான்," என்றான் நிஷான், மின்தூக்கியில் இறங்குகையில். "பண்பில்லாத சனம்."

அந்தப் பண்பில்லாத சனத்திடம் பெற்ற வெற்றிக்காகத் தீவு அவனுக்குப் பதவி உயர்வு தந்தது. இனி வேறு நாடுகளுக்கும் அவனே போவான்.

பொனிபஸ் தொழிற்சாலைக்குப் போய் நீராவியை நிறுத்தினார். சுஜீவா அன்ரி கையில் மாவோடு நின்றார். "அப்ப தம்பி, நாளைக்கு நான் வரவேண்டாமோ?"

"வேண்டாம் அன்ரி."

அவர் ஒருதரம்தான் சொன்னார். அந்த "வேண்டாம்" உண்மையான வேண்டாம். சொல்லிவிட்டுப் பின்கதவால் வெளியே போய், பொனிபஸ் அழுதார்.

நிஷானை வழியனுப்பப் பொனிபஸும் டொறத்தியும் விமான நிலையம் போனார்கள். தொழிற்சாலையில் கடைசியாக அவித்த இடியப்பத்தையும் இறால் சம்பலையும் டொறத்தி பொதிசெய்து கொண்டுவந்திருந்தாள். நீட்டினாள்.

நிஷான் கையை முன்னே வைத்து மறைத்தான். "வேண்டாம் அக்கா. பாரம்."

டொறத்தி மறுபடியும் நீட்டுவதற்குள் பொனிபஸ் அந்தப் பொதியை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நோ வொரீஸ்," என்றார்.

நிஷான் திகைத்தான். மூக்கில் இறால் சம்பல் வாசம் வேறு. "ஐயோ அத்தான், நான் சும்மா சொன்னனான்!"

"தெரியும் தம்பி," என்றார் பொனிபஸ். "நீ வோட்டையும் சும்மாதானே போட்டனி."